வசந்தத்துக்கு ஒரு பந்தக்கால்

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி 27 நிமிடத்துக்கு வசந்தம் பிறக்கிறது என்று காலையிலேயே கைபேசி அறிவித்துவிட்டது. மொழிபெயர்ப்பு வேலைக்காகப் பெய்ஜிங்கில் தங்கியிருந்த எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். பழைய குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில், வயதான ஒரு தம்பதியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சன்னலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கால்வாய் உறைந்து கிடந்தது. அதன்மேல் சிறுவர்கள் சறுக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, இரும்புக் குச்சிகளால் பனிக்கட்டியைக் குத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடத்துத் தொலைக்காட்சியில் ஹூபெய் மாகாணத்து நெடுஞ்சாலைகள். புத்தாண்டுக்கு ஊர் திரும்பப் புறப்பட்டவர்கள் உறைமழையிலும் பனியிலும் சிக்கி, வண்டிக்குள்ளேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்திருந்தார்கள். ஹூபெய் பெய்ஜிங்குக்குப் பல நூறு மைல் தெற்கே இருக்கிறது. அங்கேயே இந்த நிலை என்றால், எங்கே வந்தது வசந்தம்?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே வேறொருவர் கேட்டுவிட்டார். அந்த நாளின் பெயர் லிச்சுன். முந்தைய ஆண்டு ஒரு கட்டுரையில் அதை 'வசந்தகாலத் தொடக்கம்' என்று தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். அதைத் திருத்திய நண்பர், "பிப்ரவரி 4, வெப்பநிலை மைனஸ் நான்கு டிகிரி என்று நீங்களே அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். தேதி தவறா, பருவம் தவறா?" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினார். தேதி தவறில்லை என்று பதில் எழுதிவிட்டேனே தவிர, அந்தக் குறிப்பு என்னை விடவில்லை. இளவேனில் என்று மாற்றிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். வேனில் என்ற சொல்லுக்குள்ளேயே வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. நம் கணக்கில் அந்தத் தேதி தை மாதத்தில் விழுகிறது. முன்பனியே முடியாத நாளில் இளவேனிலை எப்படிக் கொண்டுவருவது? 'சுன்' என்றால் வசந்தம், அதில் சிக்கலில்லை. சிக்கல் முன்னால் நிற்கும் 'லி'யில் இருந்தது. அதற்கு நிற்றல், நிறுத்துதல், ஊன்றுதல் என்று பொருள். மண்மேல் ஒரு மனிதன் காலூன்றி நிற்கும் உருவத்திலிருந்து வந்த எழுத்து அது. தொடக்கம் என்று சொல்ல மொழியில் வேறு சொற்கள் இருக்கும்போது, ஒரு பருவத்தை ஏன் நிற்கவைத்தார்கள்?

81 இதழ்கள்

வீட்டுக்கார அம்மாவை நான் ஆயி என்று அழைப்பேன். அங்கே தாயின் வயதுள்ள பெண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும்; நம் காதுக்கு அந்தச் சொல் அந்நியமாகவே படாது. ஆயியின் கணவர் அதிகம் பேசாதவர். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவர் ஒரு காகிதத்தை ஒட்டிவைத்திருந்தார். அதில் ஒரு பிளம் மரக்கிளை, கிளையில் ஒன்பது பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் ஒன்பது இதழ்கள், எல்லாம் வெறும் கோடாக. (பிளம் பூவுக்கு ஐந்து இதழ்தான். கணக்குக்காகப் பூவையே மாற்றிவிட்டார்கள்.) டிசம்பர் 22, ஆண்டின் மிகக் குறுகிய பகல் அன்று, அவர் முதல் இதழுக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டினார். அன்றிலிருந்து இரவு உணவுக்குப் பின் தினம் ஓர் இதழ். மேகமூட்டமான நாளென்றால் இதழின் மேற்பகுதி, வெயிலென்றால் கீழ்ப்பகுதி, காற்றென்றால் இடம், மழையென்றால் வலம், பனி பெய்தால் நடு. பூக்கள் அனைத்தும் சிவந்து முடிய 81 நாள் ஆகும். அதற்குள் குளிர் போய்விடும் என்பது கணக்கு.

ஒன்பது ஒன்பதாக நாளெண்ணும் இந்த முறைக்கு வடசீனத்தில் ஒரு சிறுவர் பாட்டு உண்டு. முதல் இரண்டு ஒன்பதில் கையை வெளியே நீட்டாதே, மூன்றிலும் நான்கிலும் பனிக்கட்டிமேல் நட, ஐந்திலும் ஆறிலும் ஆற்றோரம் போய் வில்லோ மரத்தைப் பார், ஏழில் ஆறு உடையும், எட்டில் காட்டு வாத்து திரும்பும் என்று அது போகும். லிச்சுன் எப்போதும் ஐந்தாம் ஒன்பதின் வாலிலோ ஆறாம் ஒன்பதின் தலையிலோதான் விழும். அந்த ஆண்டு வாலில் விழுந்தது, 45-ஆம் இதழ். அதாவது லிச்சுன் வந்தபின்னும் குளிர்காலக் காகிதத்தில் 36 இதழ்கள் வெறுமையாக இருந்தன. ஒரே வீட்டில், ஒரு நாள்காட்டி வசந்தம் வந்துவிட்டது என்கிறது. இன்னொரு தாள் குளிர் பாதிக்குமேல் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறது. இதில் முரண்பாடு இருப்பதாக அந்த வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. "தா சுன் (லிச்சுன்னுக்கு வடக்கே வழங்கும் பெயர்) வந்துவிட்டதென்று மகிழாதே, இன்னும் 40 நாள் குளிர் பாக்கி" என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

வானியல்படி இதில் ஒரு குழப்பமும் இல்லை. சூரியனின் ஆண்டுப் பாதையை 15 பாகைக்கு ஒன்றாக 24 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தக் கூறைக் குறிக்கும் 'ஜியே' என்ற சொல்லுக்கு மூங்கிலின் கணு என்பது மூலப்பொருள், ஆகவே இவற்றைப் பருவக்கணுக்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே 24 கணுக்களும் முழுப் பட்டியலாக எழுத்தில் வந்துவிட்டன. 2016-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தன. சூரியன் 315 பாகையைத் தொடும் கணம் லிச்சுன். டிசம்பரின் நீண்ட இரவுக்கும் மார்ச்சின் சம இரவுக்கும் நட்டநடுவில் அது நிற்கிறது. ஒளி ஏற்கெனவே திரும்பிவிட்டது. மண்ணும் நீரும் சூடேறத்தான் காலம் பிடிக்கிறது. வானிலை அறிஞர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1934-இல் சாங் பாவ்குன் வகுத்த முறையில், ஐந்து நாள் சராசரி வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டினால்தான் வசந்தம்; அதன்படி பெய்ஜிங்குக்கு வசந்தம் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான் வரும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தை எந்தச் சொல்லால் நிரப்புவது என்பதுதான் என் பிரச்சினை.

லிச்சுன்னுக்குரிய 15 நாள்களைப் பழைய முறையில் ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். கீழ்க்காற்று உறைவை இளக்கும். மண்ணுக்குள் உறங்கும் பூச்சிகள் அசையத் தொடங்கும். மீன்கள் மேலேறி வந்து முதுகில் பனிக்கட்டியைச் சுமக்கும். மூன்றாவது அடையாளத்தை முதன்முதலில் படித்தபோது அழகான கற்பனை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: மீனின் முதுகில் பனிக்கட்டி இருக்க வேண்டுமென்றால் ஆறு இன்னும் மூடியேதான் இருக்கிறது. மேலே சறுக்கு நாற்காலி ஓடும்போதே கீழே மீன் ஏறி வந்துவிட்டது. பட்டியலை எழுதியவர்கள் குளிரை மறைக்கவே இல்லை.

முயல் விழுங்கிய வசந்தம்

அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் நடந்த பெரிய சச்சரவு வேறு. ஆயியின் ஒரே மகளுக்கு அப்போது 31 வயது. ஷான்டோங்கைச் சேர்ந்த ஒருவரோடு பழகி, இருவரும் மே மாதத்தில் திருமணத்தைப் பதிவு செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். ஆயி ஒப்புக்கொள்ளவில்லை. பிப்ரவரி 9-க்கு முன் பதிவு செய், முடியாதென்றால் ஓராண்டு பொறு என்றார். காரணம், பிப்ரவரி 10 அன்று தொடங்கவிருந்த டிராகன் ஆண்டில் லிச்சுன் கிடையாது. அப்படிப்பட்ட ஆண்டை மக்கள் கைம்பெண் ஆண்டு என்பார்கள். வசந்தம் இல்லாத ஆண்டில் மணமுடித்தால் நல்லதல்ல என்று ஒரு நம்பிக்கை.

மகள் என்னைத் துணைக்கு அழைத்தாள். எனக்கும் விவரம் தெரிந்தவன் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். லிச்சுன் சூரியனைப் பார்த்து வருவது. புத்தாண்டு நிலவைப் பார்த்து வருவது. நிலவின் பன்னிரண்டு மாதங்கள் 354 நாள். சூரியனின் ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். கடந்துபோன முயல் ஆண்டில் அப்படி ஒரு மாதம் கூடியதால் அது 384 நாள் நீண்டு, 2023 பிப்ரவரி 4, 2024 பிப்ரவரி 4 ஆகிய இரண்டு லிச்சுன்களையும் விழுங்கிவிட்டது. டிராகன் ஆண்டு 2025 ஜனவரி 28-இலேயே முடிகிறது. அடுத்த லிச்சுன் பிப்ரவரி 3. ஆறு நாள் வித்தியாசத்தில் டிராகனுக்குக் கிடைக்காமல் போகிறது. 19 ஆண்டு வட்டத்தில் இப்படி ஏழு ஆண்டுகள் வசந்தமின்றிப் போகும், ஏழு ஆண்டுகளுக்கு இரட்டை வசந்தம், ஐந்துக்கு ஒன்று. "இதில் கெடுதல் எங்கே இருக்கிறது, ஆயி?" என்று முடித்தேன்.

சொல்லச் சொல்ல எனக்கே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது; அதையும் சேர்த்துக்கொண்டேன். வசந்தமே இல்லாத அந்த ஆண்டுகூட 'சுன்ஜியே' என்னும் வசந்த விழாவோடுதானே தொடங்குகிறது? பழைய நூல்களில் லிச்சுன்னையும் வசந்த காலத்தையும் குறித்துவந்த அந்தப் பெயரை, 1914-இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் அரசுதான் நிலவுப் புத்தாண்டுக்குச் சூட்டியது. குடியரசு வந்து ஜனவரி 1 புத்தாண்டாகிவிட்டதால், பழைய புத்தாண்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பெயரைப் பறிகொடுத்த லிச்சுன் வீட்டுக்குள் முள்ளங்கி கடிக்கும் நாளாகச் சுருங்கிப்போயிற்று. பேரரசர்கள் காலத்தில் அப்படி இல்லை. பெய்ஜிங்கில் லிச்சுன்னுக்கு முதல் நாள், நகரை ஆண்ட அதிகாரிகள் கிழக்கு வாயிலான தோங்சிமெனைத் தாண்டி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு ஊர்வலமாகப் போய் வசந்தத்தை எதிர்கொண்டு அழைத்துவருவார்கள். மறுநாள் களிமண்ணால் செய்த எருதைச் சாட்டையால் அடித்து உடைப்பார்கள். மக்கள் முண்டியடித்து அந்த மண்கட்டிகளை எடுத்துப்போவார்கள். வடக்கே இன்றும் அந்த நாளை 'தா சுன்', வசந்தத்தை அடித்தல், என்று சொல்வது அதனால்தான். இப்போது தோங்சிமெனில் விமான நிலையத்துக்கு ரயில் ஏறலாம்.

ஆயி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கைக்குட்டையைத் தன் பக்கம் திருப்பி, நான் போட்ட கூட்டலில் ஒரு தவறைப் பென்சிலால் திருத்தினார். "நான் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவள்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. கணக்குத் தெரியாதவரிடம் தோற்பது ஒன்று, தெரிந்தவரிடம் தோற்பது வேறு.

முள்ளங்கி

லிச்சுன் அன்று மதியம் மகள் வந்திருந்தாள். ஆயியின் கணவர் வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவை உருண்டை பிடித்து, இரண்டு உருண்டைகளுக்கு நடுவே எண்ணெய் தடவி ஒன்றாகத் தேய்த்து, கல்லில் போட்டு எடுத்தார். சூடாக இருக்கும்போதே விளிம்பில் நகத்தால் கிள்ளிப் பிரித்தால் இரண்டு மெல்லிய அப்பங்களாக வந்துவிடும். அவற்றில் இனிப்பு மாவுச் சாந்தைத் தடவி, முளைப்பயறும் பூண்டுத்தாளும் சேமியாவும் முட்டையும் சேர்த்து வதக்கியதை வைத்துச் சுருட்டிச் சாப்பிட வேண்டும். மகள் ஒரு முட்டையை எடுத்து மேசைமேல் செங்குத்தாக நிறுத்த முயன்றுகொண்டிருந்தாள். லிச்சுன் அன்று முட்டை நிற்கும் என்பார்கள். 1945-இல் சோங்சிங் நகரத்தில் மக்கள் இப்படி முட்டை நிறுத்துவதை அமெரிக்காவின் லைஃப் இதழ் எழுதப்போக, அமெரிக்கர்கள் அதைத் தங்கள் வசந்தம் தொடங்கும் மார்ச் சம இரவு நாளுக்கு மாற்றிக்கொண்டு இன்னும் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பொறுமை இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். மகளின் முட்டை மூன்றே முக்கால் மணிக்கே நின்றுவிட்டது. "பார் அம்மா, உன் நேரத்துக்கு முன்னாலேயே நிற்கிறது" என்றாள். ஆயி சிரிக்கவில்லை.

4 மணி 27 நிமிடம் ஆனதும் ஆயி முள்ளங்கியை எடுத்து வந்தார். வெளியே பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாக, உருண்டையாக, ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. நறுக்கினால் உள்ளே பீட்ரூட்டைவிடப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. 'உள்ளம் அழகு' என்பதே அதன் பெயர். ஆளுக்கொரு துண்டு. சமைக்கக் கூடாது, உப்புத் தொடக் கூடாது. அப்படியே கடிக்க வேண்டும். இதற்கு 'வசந்தத்தைக் கடித்தல்' என்று பெயர். முதலில் இனிப்பு, அதன் பின்னாலேயே மூக்கில் ஏறும் காரம். சன்னல் கண்ணாடியின் உட்புறம் வழிந்த நீரை மகள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆயி அவளைப் பார்க்காமல் என்னிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்கினார்.

"எனக்கு அந்த ஆண்டைக் கண்டு பயம் என்றா நினைத்தாய்? நாங்கள் மணந்தது 1986-இல். அதுவும் வசந்தம் இல்லாத ஆண்டுதான். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து ஆலையில் ஆட்களைக் குறைத்தார்கள். இவருக்கும் போயிற்று, எனக்கும் போயிற்று. அன்றைக்குத்தான் மாமியாருக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அவர் கண்ணை மூடும்வரை, ஒவ்வொரு புத்தாண்டு மேசையிலும் அதே பேச்சு. ஆலையில் வேலை போன அத்தனை ஆயிரம் பேருமா 1986-இல் கல்யாணம் செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் சேர்த்து என் வாய்தான் காரணமாயிற்று." பிறகு மகள் பக்கம் தலையைத் திருப்பினார். "உனக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் யாருக்குத்தான் ஒன்றும் நடக்காமல் இருக்கிறது? நடக்கும்போது எடுத்துச் சொல்ல அவர்கள் கையில் ஓர் ஆண்டைக் கொடுக்காதே."

அவர் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு, மணி ஐந்துகூட ஆகாத நேரத்தில், வழக்கத்துக்கு மாறாகப் போய் 45-ஆம் இதழுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஆயி திருத்திய அந்தக் கூட்டலைத் தவிர நான் போட்ட கணக்கு சரி, ஆனால் அது கேட்கப்படாத கேள்விக்கான விடை. ஆயி பஞ்சாங்கத்தோடு வாதாடவில்லை. பஞ்சாங்கத்தை ஞாபகம் வைத்திருக்கும் மனிதர்களோடு வாழ்ந்திருந்தார். ஆடியில் கல்யாணப் பேச்சையே எடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். ஆடி கெட்ட மாதம் என்று எங்கள் வீட்டில் யாரும் மனதார நம்பியதாக எனக்கு நினைவில்லை. அம்மாவிடம் கேட்டால் "எதற்கு ஒரு பேச்சு" என்பார். ஆயி சொன்னதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே 20 புத்தாண்டுகளைக் கழித்த ஒரு பெண் கணக்கில் வராமல் போய்விடுகிறார். அதற்காக நம்பிக்கை சரியென்றும் சொல்லமாட்டேன். மாமியாரின் பேச்சு அநியாயம்தான். அதற்கு அஞ்சி மகளின் மே மாதத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு வகையில் அநியாயம்தான்.

2024-இல் சீனா முழுவதிலும் பதிவான திருமணங்கள் 61 லட்சத்து 6 ஆயிரம். முந்தைய ஆண்டின் 76 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சத்தோடு ஒப்பிட்டால் 20.5 விழுக்காடு குறைவு. செய்திகள் பலவும் வசந்தமில்லாத ஆண்டைத்தான் முதலில் சுட்டிக்காட்டின. இளைஞர்களின் எண்ணிக்கை குறைந்து வருவதும், வீட்டு விலையும், வேலை நிலையும், 2023-இல் பெருந்தொற்றால் தள்ளிப்போன திருமணங்கள் சேர்ந்து நடந்ததால் அந்த ஆண்டின் எண் உயர்ந்து நின்றதும் அதைவிடப் பெரிய காரணங்களாகவே எனக்குப் படுகின்றன. மொத்தப் பழியையும் ஓர் ஆண்டின்மேல் போடுவது மாமியாரின் முறை.

கால் ஊன்றுதல்

அந்த ஜூனில் நான் ஊர் திரும்பினேன். ஆவணியில் சித்தப்பா மகளுக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, காலையில், வீட்டு வாசலில் வடகிழக்கு மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் விட்டு, மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கிலை நட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. சமையல்காரர் வரவில்லை, நாற்காலி இறங்கவில்லை, பத்திரிகைகளில் பாதி இன்னும் பைக்குள் இருந்தன. வெறும் முற்றத்தில் ஒற்றைக் கம்பு. ஆனால் பந்தக்கால் நட்டபின் அது கல்யாண வீடு. அதற்குமேல் வீட்டார் வெளியூர் போகமாட்டார்கள், துக்க வீட்டுக்குப் போக யோசிப்பார்கள், தெருவில் போகிறவர்கள் மூங்கிலைப் பார்த்துவிட்டு "என்றைக்குக் கல்யாணம்?" என்று கேட்பார்கள். அந்த மூங்கிலின் கணுக்களில் மஞ்சள் காய்ந்து கெட்டியாகியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓராண்டாகத் தேடிய 'லி' வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சீனர்கள் பருவத்தை அறிந்ததும் ஒரு கம்பை நட்டுத்தான். தரையில் நேராக ஊன்றி, நண்பகலில் விழும் நிழலை அளப்பார்கள். ஹெனான் மாகாணத்தின் தெங்ஃபெங்கில், 13-ஆம் நூற்றாண்டில் வானியலறிஞர் குவோ ஷௌசிங் இதையே பெரிய அளவில் கட்டினார்; நிழல் விழும் கல்மேடை மட்டும் 31 மீட்டர் நீளம். கதகதப்பை அங்கே எவரும் அளக்கவில்லை. நிழல் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அளந்தார்கள். 1645 முதல் சூரியனின் உண்மையான இருப்பிடத்தைக் கொண்டே கணுக்களைக் கணித்து வருகிறார்கள். இன்று நான்சிங்கின் ஊதாமலை வானாய்வகம் நிமிடம் பிசகாமல் வெளியிடுகிறது. பந்தக்காலுக்கு நல்ல நேரம் பார்ப்பதுபோல்தான் அந்த நிமிடம். அது கல்யாண நேரம் அல்ல. வசந்தத்துக்குக் கால் ஊன்றியாயிற்று, இனி ஏரைப் பழுது பார், விதையை எடுத்து வை, முள்ளங்கியைக் கடி; விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

திருத்திய நண்பருக்கு 'வசந்தக் கால்கோள்' என்று எழுதி அனுப்பினேன். கால்கோள் விழா என்றால் இப்போது மேம்பாலத்துக்கு அமைச்சர் செங்கல் எடுத்து வைப்பதுதான் வாசகருக்கு நினைவுக்கு வரும் என்று பதில் வந்தது. அவர் சொன்னதும் சரிதான். அடிக்குறிப்பு ஒன்று சேர்த்து, லிச்சுன் என்றே விட்டுவிட்டோம்.

மகள் மே மாதத்தில் பதிவு செய்யவில்லை. நம்பிக்கையாலும் அல்ல, பயத்தாலும் அல்ல என்று எனக்கு எழுதியிருந்தாள். அப்போதிருந்த விதிப்படி பதிவுக்கு ஹுகோ என்னும் குடும்பப் பதிவுப் புத்தகம் வேண்டும். அது ஆயியின் அலமாரியில் பூட்டுக்குள் இருந்தது. அப்பாவிடம் கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார், நான்தான் கேட்கவில்லை என்றாள்.

2025-இல் லிச்சுன் பிப்ரவரி 3 அன்று, பெய்ஜிங் நேரம் இரவு 10 மணி 10 நிமிடத்துக்கு வந்தது. பாம்பு ஆண்டு பிறந்து ஆறாம் நாள். சற்று நேரத்தில் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அதே மேசை, அதே வெள்ளைத் தட்டு, விசிறிபோல் அடுக்கிய முள்ளங்கித் துண்டுகள். தட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் பழுப்புமான அட்டை போட்ட ஒரு சிறிய புத்தகம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "விடுமுறை. பதிவு அலுவலகம் புதன்கிழமைதான் திறக்கும்."